ஆறாவது கட்டு

சர்க்கரைக் கட்டி தூக்கும் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டெறும்புக்கு முன்னங்கால் முட்டி பிடித்துக்கொண்டது. வைத்தியம் பார்த்த நத்தை, “பத்து நாளைக்குப் பாரமே தூக்கக் கூடாது தம்பி,” என்றது. கட்டெறும்பு அன்றைக்கே வைத்தியரை மாற்றியது.

புது வைத்தியர் சிலந்தி. ஓய்வு என்ற சொல்லே அதன் வாயில் வராது. “இதுக்குப் போயி யாராவது பயிற்சியை விடுவாங்களா?” என்று நூலால் இறுக்கிக் கட்டுப் போட்டு அனுப்பும். கட்டுப் போட்ட காலைக் காப்பாற்ற மற்ற கால்களில் பாரத்தைத் தாங்கியதில் தினம் ஒரு கால் பிடித்தது. தினம் ஒரு கட்டு விழுந்தது.

போட்டிக்கு முந்தின நாள் ஆறாவது காலுக்கும் கட்டுப் போட்டாயிற்று.

“இப்ப வலி எப்படி இருக்கு?”

“சுத்தமா இல்லக்கா. அசையத்தான் முடியல. மேடைக்கு எப்படிப் போறது?”

“நான் தூக்கிட்டுப் போறேன்.”

கட்டெறும்பு நெகிழ்ந்துவிட்டது. “அப்படியே இடுப்பையும் ஒரு சுத்து சுத்திடுங்கக்கா.”

சிலந்தி இடுப்போடு நிறுத்தவில்லை. தலை வரைக்கும் சுற்றி முடித்ததும், குனிந்து அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு தன் வலையை நோக்கி நடந்தது. உள்ளேயிருந்து கட்டெறும்பு பதறிப்போய்க் கத்தியது.

“அக்கா, முதுகை வளைச்சுத் தூக்காதீங்க! பிடிச்சுக்கும்!”