உள்ளே விடும் துணி

டெய்லர் பிலோமினா அக்கா தோளில் டேப்பை வைத்ததுமே சுகந்தி துடித்துப்போனாள். காலையிலிருந்தே தோள்பட்டை வலி. அடிவயிறும் சுருட்டிப் பிடித்தது.

"நாள் தள்ளிப்போயிருக்கா?"

"ரவிக்கைக்கு அதெதுக்குக்கா? ஒன்றரை மாசம். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கடை ஷட்டரை இழுத்துவிட்டாள். "எனக்கும் இப்படித்தான்டி தோள்ல ஆரம்பிச்சுது. ஏறு ஆட்டோவுல!"

கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். "இந்த மாசம் இப்படி வர்ற மூணாவது ஆள் நீங்க. முன்னெல்லாம் வருஷத்துக்கே அவ்வளவுதான். இன்னும் அரை மணி போயிருந்தா..." டாக்டர் கையை விரித்தார்.

ஆறு வாரம் கழித்துக் கடைக்கு வந்த சுகந்தி, அன்று ஆட்டோவில் இறுகப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோன டேப்பை நீட்டினாள். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"அழுது என் துணியை நனைக்காதே. கையைத் தூக்கு." அக்கா அளவெடுத்தாள். "ரெண்டு இஞ்ச் இளைச்சுட்டே."

"பிடிப்பாவே தைச்சிடுங்கக்கா."

"தைக்கிறேன். ஆனா உள்ள நிறையத் துணி விட்டுத்தான் தைப்பேன். இன்னொரு குழாய் இருக்குல்ல? மறுபடி உண்டானதும் பிரிச்சுவிடச் சொல்லி நீயே வந்து நிப்பே."

சுகந்தி தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள். தோளில் துளி வலி இல்லை.