ஃபிரிட்ஜுக்குப் பூட்டு

மாவு பாக்கெட்டுகள் மறுபடியும் திரும்பி வந்தன.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க மாவு கடைக்கு வரும்போதே புளிச்சு வருது. வாங்கறவங்க என்னையத்தான் பேசறாங்க. இப்படியே போனா நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்" என்றார் மளிகைக் கடைக்காரர்.

நித்யஸ்ரீ பையை வாங்கிக்கொண்டாள். கணவன் மோகன்குமார் லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. மாவு அரைத்து ராசிபுரத்துக் கடைகளுக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் அவள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தாள். அதற்கென்றே வாங்கிய ஃபிரிட்ஜ் இப்போது காலை வாரிவிடுகிறது.

மெக்கானிக் குருமூர்த்தி வந்தார். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். பின்பக்கத் தூசியைத் துடைத்தார். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டார்.

"கேஸ் குறையலீங்க. கதவு ரப்பர் நல்லா ஒட்டுது. தெர்மோஸ்டாட்டும் சரியா இருக்குது."

"அப்புறம் ஏனுங்க மாவு புளிக்குது?"

"மத்தியானத்துல ஓல்டேஜ் கம்மியாகும். ரெண்டு ஊட்டுக்கும் ஒரே லைனுங்களா?"

"ஆமாங்க. பக்கத்து ஊடு எங்க பெரிய மாமனாரோடது. சொத்தைப் பிரிச்சாங்க, லைனைப் பிரிக்கல. வழித்தடத்துக்காகப் பெரியத்தை வள்ளியாத்தாள் கேஸ் போட்டதுல இருந்து பேச்சுவார்த்தையே இல்லீங்க."

"அந்த ஊட்டுப் பேச்சு இங்க வேண்டாம்" என்று சமையல்கட்டிலிருந்து மாமியார் பொன்னாத்தாளின் குரல் வந்தது.

குருமூர்த்தி ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். "ஐஸ் உருகி, மறுபடி உறைஞ்சிருக்குது பாருங்க. ஃபிரிட்ஜுல கோளாறு இல்லீங்க. யாரோ நடுவுல நிறுத்தறாங்க."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மறுநாள் மத்தியானம் மாவு போடக் கிளம்பிய நித்யஸ்ரீ, பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பொன்னாத்தாளின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"என்னங்கத்தை பண்றீங்க?"

பொன்னாத்தாள் திடுக்கிடவில்லை. "பொழுதுக்கும் ஓடுனா கரண்டு பில்லு ஏறாதா? மத்தியானத்துல கொஞ்ச நேரம் நின்னா என்ன போச்சு?"

"எம்பட பொழப்பு போச்சுங்க."

பொன்னாத்தாள் கையை எடுத்தாள். சுவிட்சைப் போடவில்லை.

போனில் மோகன்குமார், "அம்மா எப்பவுமே சிக்கனம். நீ கொஞ்சம் அனுசரிச்சுக்கோ" என்றான். நித்யஸ்ரீ பேச்சை முடிக்காமலே போனை வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் தெருவில் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜைத் தன் படுக்கையறைக்குள் நகர்த்தினாள். வந்தவர்களிடம் காரணத்தையும் சொன்னாள். அவர்கள் பொன்னாத்தாளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார்கள்.

கடைக்குக் கிளம்பும்போது அறைக்கதவைப் பூட்டினாள்.

"பூட்டியா போடறே?" என்றாள் பொன்னாத்தாள்.

"ஆமாங்க."

"மத்தியானத்துக்கு மட்டும் சாவியக் குடுத்துட்டுப் போ, கண்ணு."

"அதுக்குத்தானுங்க பூட்டறதே."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாவு திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம்.

கடைகளுக்குப் போட்டுவிட்டு அவள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருந்து டங் டங்கென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பொன்னாத்தாள் சுத்தியலால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தாள். முந்தானை நழுவியதுகூடத் தெரியவில்லை. நித்யஸ்ரீ கிட்டே போவதற்குள் பூட்டு தெறித்து விழுந்தது.

"கரண்டு பில்லுக்காகப் பூட்டையே ஒடைப்பீங்களா? உங்களுக்கு மனசாட்சியே இல்லீங்களா?"

பொன்னாத்தாள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் நகராமல் சுவரில் காதை வைத்து நின்றாள்.

அப்போதுதான் நித்யஸ்ரீக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று கீ... கீ... என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்று, புஸ்... புஸ்... என்று சீரான சத்தம் ஆரம்பித்தது.

பொன்னாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது என்னங்கத்தை சத்தம்?"

"உன்ற பெரிய மாமனாரோட மூச்சு மெஷினு. ஆஸ்பத்திரியில இருந்து அதோடதான் அனுப்பியிருக்காங்க. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடற நேரத்துல நம்ம ஃபிரிட்ஜும் ஓடுச்சுன்னா அதுக்குக் கரண்டு பத்தறதில்ல, நின்னு போகுது. இதை நிறுத்தினா அது ஓடுது."

நித்யஸ்ரீ உடைந்த பூட்டைப் பார்த்தாள். காலையில் கேட்ட சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. மெல்ல மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா மாவுக்கு நான் வேற வழி பண்ணியிருப்பனுங்க. பெரியத்தைகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

பொன்னாத்தாள் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப் பேசு, கண்ணு. நான் ஒதவறேன்னு வள்ளியாத்தாளுக்குத் தெரிஞ்சா, அந்த மெஷினையே நிறுத்திப்போடுவா."