தங்கராசுவுக்காக ஒரு மதம்

தங்கராசுவைக் காப்பாற்ற மதம் மாறுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று பாப்பாத்தி முடிவு கட்டிவிட்டாள். எந்த மதத்துக்கு என்பதுதான் பாக்கி. கல்லூரி விடுமுறைக்கு மலையேறி வந்திருந்த மகள் கோகிலாவை வாசலில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"நம்ம கொள்கைக்கு ஏத்த மதத்தைச் செல்போனே சொல்லிப்போடும்னியே, பாரு கண்ணு."

கோகிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளைப் படித்தாள். "கடவுள் ஒருத்தரா, பல பேராம்மா?"

"எத்தனை பேரு வேணா இருந்துட்டுப் போகட்டும். ரத்தம் மட்டும் கேக்கக்கூடாது."

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து புருஷன் செங்கோடன் விழுந்தபோது, அவர் பிழைத்தால் தங்கராசுவை வெட்டுவதாகக் கருப்பன் சாமியிடம் வாயை விட்டுவிட்டாள். மனுஷன் பிழைத்துக்கொண்டார். நாளைக்குக் கோயில் நோம்பி; நேர்ந்ததை வெட்டும் நாள். நேர்ந்துவிட்ட கிடாய்க்குப் பதில் வேறு கிடாயைக் கொடுத்தால் கருப்பன் சும்மா விடமாட்டான். புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த தங்கராசுவோ, ஒன்றும் தெரியாமல் அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. பெற்ற பிள்ளையைக் கொடுக்கப் போவதுபோல் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"வேண்டிக்கிட்டது இந்த மதத்துல. மாறிட்டா செல்லாதில்ல?"

"அதைக் கருப்பனைத்தான் கேக்கோணும். எறும்பைக்கூடக் கொல்லக்கூடாதுங்கறது சரியா, தப்பா?"

"சரி. பார்த்து நடந்துக்கறேன்."

"கறி, மீனு?"

"இன்னியோட தலைமுழுகியாச்சு. மண்ணுல வெளையறதைத் தின்னுட்டுக் கிடந்துக்கறேன்" என்றபடி, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை மிளகாய்த் துவையலில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

செல்போன் சற்று யோசித்தது. "உனக்கு ஏத்தது சமணமாம்மா. அதுல எந்த உசுரையும் கொல்ல மாட்டாங்க."

பாப்பாத்திக்கு அழுகையே வந்துவிட்டது. கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பொழைச்சுக்கிட்டடா சாமி! இனிமே நாம சமணம்டா!"

"இரும்மா, கீழ இன்னும் போட்டிருக்கு. கிழங்கு எதுவும் சாப்பிடக்கூடாதாம். தோண்டறப்ப மண்ணுல இருக்கற உசுரெல்லாம் செத்துருமாம்."

"எது, மரவள்ளியுமா?"

"ஆமா. வெங்காயம் பூண்டுகூட ஆகாதாம்."

பாப்பாத்தியின் கை கிடாயின் கழுத்திலிருந்து நழுவியது. காட்டு வெள்ளாமையில் பாதி மரவள்ளி. அடுப்பில் தினமும் மரவள்ளி. வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, கத்தியைத் தீட்டிட்டீங்களா?"