மேட்டு நிலத்தில் ஒரு போட்டோ

செம்பாக்கத்தில் எந்த மனையானாலும் தரகர் துளசிங்கம் வாயைத் திறந்தால் மேட்டு நிலமாகிவிடும். ஏரியை ஒட்டிய தன் வீட்டுத் தோட்டத்தில் பாதியையும் அப்படித்தான் துபாயில் இருக்கும் ஒருவரிடம் விலை பேசி வைத்திருந்தார். "தண்ணி நிக்காதுன்னு போட்டோ அனுப்புங்க சார்" என்று அவர் கேட்டுவிட்டதால் டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டியதாயிற்று.

சித்திரை வெயிலில் மனைவி கங்கையம்மாளையும் மகள் ஜெயப்ரியாவையும் வாழையடியில் நிறுத்தி, உலகப் புகழ்பெற்ற நிபுணரைப்போல ஒரு கண்ணைச் சுருக்கி எடுத்தார்.

படத்தில் இருவரும் கணுக்கால் தண்ணீரில் நின்று சிரித்தார்கள். நேரில் புடவையைத் தொடவே தொடாத கங்கையம்மாள், படத்தில் அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"புது கேமரா இல்லியா, பழகணும்" என்று துளசிங்கம் விளக்கினார். செங்கல்லாய்க் காய்ந்த தரையை உதைத்தும் காட்டினார். அடுத்த படத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

"சூப்பர்ப்பா! மீன்கூட கீது பாரு!" என்று ஜெயப்ரியா குதித்தாள்.

"துபாய்க்காரன் பாத்தா பேரம் போச்சு. கடைசியா ஒண்ணு, ஒழுங்கா நில்லுங்க" என்றார் துளசிங்கம்.

கங்கையம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த தரையில் ஒவ்வோர் அடியையும் துழாவித் துழாவி வைத்து வாழையடிக்குப் போய் நின்றாள்.

"இன்னாய்யா பாத்துகினு கீற? சீக்கிரம் எடு, காலு ஜில்லுனு கீது."