ஃபார்மட் செய்ய மாட்டேன்

மூன்றாவது முறையாக அதைக் கொன்றேன். மூன்றாவது முறையாக அது உயிரோடு வந்து நின்றது.

திரையில் எல்லா ஃபோல்டர்களின் மூலையிலும் மறுபடி அந்தச் சின்ன அம்புக்குறி. எதைத் தட்டினாலும் திறக்காது. நிஜ ஃபோல்டர்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வரிசையாக நிறுத்தி வைப்பதுதான் இந்த வைரஸின் பிழைப்பு.

கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். நான் சொன்னதைக் கொட்டாவி விட்டபடியே கேட்டுவிட்டு வழி சொன்னார்.

"ஃபார்மட் பண்ணிடுங்கக்கா. எல்லாம் போயிடும், ஆனா தொல்லையும் சேர்ந்து போயிடும்."

தலைவலிக்குத் தலையையே எடுக்கச் சொல்கிறார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

என்னுடைய ஆபீஸ் வேலைகள் போகட்டும், மறுபடி தட்டிக்கொள்வேன். கல்யாண ஃபோட்டோக்கள்கூடப் போகட்டும், அதில் நான் அப்படியொன்றும் அழகாக இல்லை. ஆனால் டி டிரைவில் என் கணவருடைய ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. அது போனால் போனதுதான். இன்னொரு தடவை அதை அவரால் செய்ய முடியாது.

வேறு எங்காவது ஒரு காப்பி எடுத்து வையுங்கள் என்று நான் கரடியாய்க் கத்தியதுதான் மிச்சம்.

அவர் கழுத்தில் மஃப்ளரோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வைரஸை வீட்டுக்கு அழைத்து வந்த புண்ணியவானும் அவர்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுக்கப் பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது அதில் தொற்றிக்கொண்டு இங்கே வந்து இறங்கிவிட்டது.

காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பதில் வராத சண்டையில் ருசியே இல்லை.

டீயை அடுப்பில் வைத்துவிட்டு வந்தபோதுதான் கவனித்தேன். மௌஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் இருந்தது.

நான் வலக்கைக்காரி. அவருக்கு எல்லாம் இடக்கை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் சுத்தம் செய்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். தன் ஃபோல்டர் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க, அவர் அதன் பெயரில் மிஞ்சியிருந்த போலியின் மேல் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்காகவே ஒளிந்து காத்திருக்கும் வைரஸின் குட்டி எழுந்து, மறுபடி எல்லா இடத்திலும் குடியேறிவிடும். அம்புக்குறி உள்ள எதையும் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

திருடனைத் துரத்தி நான் களைத்துப் போகிறேன், வீட்டுக்காரரே கதவைத் திறந்து விடுகிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் இறங்கிவிட்டது. அவர் அவசரப்பட்டுத் தட்டவில்லை, பயந்துபோய்த் தட்டியிருக்கிறார். எனக்கும் அதே பயம்தான், நான் காட்டிக்கொள்ளவில்லை.

அடுப்பை அணைக்கப் போனபோது மௌஸைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோனேன்.

திரும்பி வந்து முதலில் இன்டர்நெட் ஒயரைக் கழற்றினேன். கம்ப்யூட்டரை சேஃப் மோடில் எழுப்பினேன். கம்ப்யூட்டரோடு கூடவே எழும் புரோகிராம்களின் பட்டியலில், அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு பெயர் நல்ல பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. அதை நிறுத்தினேன், அழித்தேன். மறைந்திருப்பவை எல்லாம் தெரியும்படி வைத்துக்கொண்டு டி டிரைவை அடிவரை தேடினேன். குட்டி அங்கேதான் இருந்தது, தாய் வைரஸின் அதே பெயரில். அதையும் அழித்தேன். போலிகளையும் ஒன்று விடாமல் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

மறுபடி எழுப்பினேன். அம்புக்குறி வரவில்லை.

ஆனால் ஃபோல்டர்களும் இல்லை. திரை துடைத்து விட்டது போலக் கிடந்தது. அவர் எழுந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் முடியவில்லை, உட்காருங்கள் என்றேன். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒளித்தவற்றை வெளியே கொண்டுவரும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினேன். என்டரை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒன்று வந்தது. அடுத்தது. கடைசியாக அவருடைய ஃபோல்டரும் வந்தது, மூலையில் எந்தக் குறியும் இல்லாமல்.

மௌஸை அவருடைய இடக்கைப் பக்கம் தள்ளி வைத்தேன்.

ஃபோல்டருக்குள் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகள். 'தண்ணீர்'. 'ஃபேனைக் குறை'. 'வலிக்கிறது'. 'போனில் யார்'. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொன்ன மறுநாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பேசிப் பேசிச் சேர்த்து வைத்தவை. என்னை உள்ளே விடவில்லை. வெளியே நின்ற எனக்கு முணுமுணுப்பு மட்டும்தான் கேட்டது.

தண்ணீரையும் ஃபேனையும் தவிர வேறு எதையும் அவர் இதுவரை போட்டதில்லை. இப்போது அவற்றைத் தாண்டிக் கீழே கீழே போனார். பெயர் வைக்காத ஒன்றின் மேல் தட்டினார்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, அவருடைய பழைய குரல் வந்தது.

"சரி, நீ சொன்னதுதான் சரி."

குரல் இருந்தவரை ஒரு நாளும் அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

இன்னொரு முறை போடச் சொன்னேன்.