மூன்றாவது அழைப்பு

விசாரணை அறை வாசலில் நின்று இரண்டாவது தடவையும் பெயரைக் கூப்பிட்டேன். பேருந்து ஓட்டுநர் திரும்பவே இல்லை.

அவருடைய கோப்பு கைதவறி விழுந்து, காகிதங்கள் பெஞ்சுக்கு அடியில் சிதறிக் கிடந்தன. எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதே பெஞ்சில் இருந்த போக்குவரத்துத் துறையின் வக்கீலம்மா, அவருக்கு இடம் கொடுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் தீர்ப்பாயத்தில் மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஆள் வராவிட்டால் மேல்முறையீடு தள்ளுபடி. கூப்பிடுவது விசாரணை எழுத்தரான என் வேலை.

மூன்றாவது தடவை குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். விதிப்படி அதுவும் தப்பு. எல்லோரையும் ஒரே குரலில்தான் கூப்பிட வேண்டும்.

வக்கீலம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

தர்மசங்கடமாகிவிட்டது. ஏனென்றால் வழக்கே அதுதான். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லித் துறை அவருடைய உரிமத்தைப் பறித்திருந்தது. நன்றாகவே கேட்கிறது என்று அவர் எங்களிடம் வந்திருந்தார். ஒரு டாக்டர் கேட்கிறது என்கிறார், இன்னொரு டாக்டர் இல்லை என்கிறார். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத மனிதர், இன்றைக்கு மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கியிருந்தார்.

முந்தானையைச் செருகிக்கொண்டு கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பியவர், மீதிக் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு தரப்பையும் சேர்த்தே உள்ளே விட்டேன்.

அந்த விஷயத்தில் நான் கறார். ஒருவர் முன்னாலேயே உள்ளே போய்த் தீர்ப்பாயத் தலைவரோடு குடும்பக் கதை பேசிக்கொண்டிருக்க, மற்றவர் வெளியே பெஞ்சைத் தேய்ப்பதெல்லாம் என்னிடம் நடக்காது. ஒருவருக்குத் தண்ணீர் வைத்தால் மற்றவருக்கும் வைப்பேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், வராந்தாவில் பார்த்ததையெல்லாம் தலைவர் காதில் ஓதிவிடுவாராம். என்னைப் பொறுத்தவரை, சொல்வதாக இருந்தால் இரண்டு தரப்பும் இருக்கும்போது சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் தராசு. கிண்டலாகத்தான் வைத்தார்கள், எனக்கென்னவோ பிடித்துத்தான் இருந்தது.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைக் கேட்டார்.

காகிதம் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை முழுங்க மனம் வரவில்லை. எழுந்து நின்று, மூன்று முறை கூப்பிட்டேன், பதில் வரவில்லை, தோளைத் தொட்டுத்தான் அழைத்து வந்தேன் என்றேன். ஒரு மனிதரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஓட்டுநர் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உங்கள் முறை வரும், பொறுங்கள் என்று தலைவர் கையமர்த்திவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு, இதைப் பற்றித் துறையின் தரப்பில் ஏதாவது சொல்வதற்கு இருக்கிறதா என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று வக்கீலம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழக்கு தானாக வந்து அவர் மடியில் விழுந்திருந்தது.

அவர் எழுந்தார். கையிலிருந்த பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

“ஐயா, மூணு தடவையும் அவர் பதில் சொன்னாரு. ‘இதோ வர்றேங்க’ன்னு நல்லா சத்தமாவே சொன்னாரு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பொய் என்று நினைக்கவும் வழியில்லை. தன் வழக்கையே கெடுத்துக்கொண்டு யார் பொய் சொல்வார்கள்? என் முகம் சுண்டிப்போய்விட்டது. அங்கேயே நின்றேன்.

தலைவர் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்துக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல் என்னிடம் ஏதோ சொன்னார். அவர் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. திரும்பவும் ஏதோ சொன்னார் போலிருக்கிறது. நான் விழித்தேன்.

ஓட்டுநர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். என் முகத்துக்கு நேராக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“உங்களை உக்காரச் சொல்றாரும்மா.”