நாளைக்குக் கூம்பு வேண்டாம்

செல்லக்கனி விரல்களில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வாழைக்கூம்பின் மடலை உரித்தாள்.

எண்ணெய் தடவியும் பயனில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் படிந்த கறை நகக்கண்களில் கறுத்துக் கிடந்தது.

ஒவ்வொரு பூவிலும் விறைத்து நிற்கும் நரம்பைக் கிள்ளி எறிந்தாள். ஒன்றை விட்டாலும் கறி கசக்கும். ஆய்ந்த பூவை மோரில் போட்டாள்; மோரில் கிடந்தால் கறுக்காது. இனி பொடியாக அரிந்து, சிறுபயறும் தேங்காயும் சேர்த்துத் துவரன் வைக்க வேண்டும்.

அதை அவள் மட்டும் தின்ன வேண்டும்.

கர்ப்பப்பை பலப்படும், ரத்தம் ஊறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாமனார் கோலப்பன் அதற்காகவே பின்புறத்துப் பேயன் வாழைகளின் கூம்பு ஒன்றைக்கூட வெளியே கொடுப்பதில்லை. பிள்ளை இல்லாத வீடு என்று ஒருவன் சொல்லி அவர் கேட்கக் கூடாது.

கடியப்பட்டணத்து லீமா மீன்கூடையை அடுக்களை வாசலில் இறக்கினாள்.

“இன்னைக்கும் கூம்புதானா? எஞ் சாளைக்கு இந்த வீட்டுல எப்பம் எடம் கிடைக்கும்?”

மாமியார் தாணம்மாள் சிரிக்கவில்லை. ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

லீமா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் முற்றம் வரை கேட்கும்.

“சங்கதி கேட்டியளா அக்கா? ஒங்க பழைய மருமவ இசக்கிய இரணியல்ல பாத்தேன். ஆம்பளப் பிள்ள பெத்திருக்கா. புது மாப்பிள்ளைய அப்படியே உரிச்சு வச்சிருக்கு.”

“ஒனக்கு மீன் விக்கணுமா, ஊர்க்கதை விக்கணுமாட்டி?”

லீமா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முற்றத்தில் செல்லக்கனியின் கணவன் தங்கப்பன் அப்பாவுக்குப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தான். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த செய்தி. பாதி வரியில் வாசிப்பு நின்றது.

கோலப்பன் மகனைப் பார்த்தார். மகன் பத்திரிகையை முகத்திலிருந்து இறக்கவில்லை.

இசக்கியும் இதே வாழைகளின் கூம்பைத்தான் வருடக்கணக்கில் தின்றாள். உறவைத் தீர்த்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியபோது, ஊரார் நடுவில் எழுந்து நின்று, குறை உங்கள் பெண்ணிடம்தான் என்று அவளுடைய அண்ணனிடம் சொன்னவர் கோலப்பன்.

அவர் எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். மருமகளின் விரல்களைப் பார்த்தார்.

“நாளைக்குக் கூம்பு வேண்டாம்” என்றார்.

இனி அவள் இதைத் தின்ன வேண்டியதில்லை என்பதுதான் அவர் நினைத்தது.

செல்லக்கனியின் கை மோருக்குள்ளேயே நின்றது.

இசக்கியிடமும் ஒரு காலையில் அவர் இதைத்தான் சொன்னார். இதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் அவளை அழைத்துப்போக வண்டி வந்து நின்றது. இந்த வீட்டுக்கு வந்த மாதமே செல்லக்கனி அதைக் கேள்விப்பட்டிருந்தாள்.

கையைக் கழுவினாள். பூக்கள் கிடந்த சட்டியை மூடி வைத்தாள். மாமனாருக்கு வழிவிட்டு ஒதுங்கி உள்ளே போனாள். பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது.

“அந்தப் பிள்ள என்னத்தையோ நெனச்சிட்டு போகுது” என்றாள் தாணம்மாள். “ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

குறை உன்னிடம் இல்லை என்று கோலப்பன் மருமகளிடம் சொன்னால் போதும். அடுத்த கேள்வி, பிறகு யாரிடம் என்பதாக இருக்கும்.

முற்றத்தில் தங்கப்பன் மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருந்தான், முன்னைவிடச் சத்தமாக.

கோலப்பன் திரும்பிப் போய், நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்கலானார்.